காருக்குள் நின்ற மார்கழி

வேலூர் ஆற்றங்கரை நகர் மூன்றாம் தெருவில் குடியிருந்த தணிகாசலத்தின் காருக்குள் மார்கழி மாதம் வந்து உட்கார்ந்தது சித்திரை இருபத்திரண்டாம் தேதி, கத்திரி வெயில் பிறந்த மறுநாள், மத்தியானம் இரண்டே கால் மணிக்கு. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தும் ஒருத்தரும் ஆச்சரியப்பட்டு வாயில் கை வைக்கவில்லை, ஏனென்றால் அந்த வெயிலில் கையைத் தூக்குகிற அளவுக்குக்கூட யாருக்கும் தெம்பு இல்லை.

தணிகாசலம் முப்பத்தோரு வருஷம் பஸ் டெப்போவின் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, கேட்கிற மெக்கானிக்குக் கேட்கிற சாமானை எடுத்துக் கொடுத்து ரிட்டயர் ஆனவர். எடுத்துக் கொடுத்ததை எங்கே மாட்டுகிறார்கள் என்று ஒருநாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் பேர் தெரிந்த சாமானை மாட்டத் தெரியாதா என்று ஒரு நினைப்பு. வீட்டில் எது கெட்டாலும் கடைக்குப் போகக் கூடாது, அவரே பிரிப்பார், அவரே பூட்டுவார், பூட்டி முடித்த பிறகு இரண்டு திருகாணி மிச்சம் இருக்கும், அது கம்பெனிக்காரன் தெரியாமல் அதிகம் போட்டது என்பார். அவர் சரிபண்ணின மிக்ஸியில் சட்னி அரைத்தால் நாலு வீடு தள்ளி இருக்கிற கோமளாவுக்குக் கேட்கும். தேங்காயா புதினாவா என்று அங்கிருந்தே கத்துவாள். இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவள் அவர் மனைவி மங்கையர்க்கரசி. சிரித்துவிட்டு அந்தத் திருகாணிகளை ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பாள். அந்த பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

அந்தச் சிரிப்பு போன மார்கழியில் நின்றுபோனது. மார்கழி பத்தாம் தேதி விடிகாலையில் வாசலில் கோலம் போடக் குனிந்த மங்கை, நிமிர முடியாமல் மாவுக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். தையில் கால் வீங்கியது, மாசியில் மாடிப்படி மறந்துபோனது, பங்குனிக் கடைசியில் டாக்டரம்மா தணிகாசலத்தை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "ரெண்டு மாசம்னு மனசுல வச்சுக்கோங்க சார். வெயில் மட்டும் படவே வேணாம்" என்றார். வீட்டுக்கு வந்து சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினார். இரண்டு மாசம் போய் வைகாசிக் கடைசியில் முட்டி நின்றது. ஒரே மகள் யமுனாவின் கல்யாணம் வைகாசி இருபது. மண்டபம் சொல்லியாகிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போவாளா, அல்லது கல்யாணத்தையே நிறுத்தும்படி ஆகிவிடுமா என்று நினைத்தபடி, புரட்டின தாள்களைத் திரும்ப இறக்கிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மங்கைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் ஏசி போட்டாயிற்று, ஆனால் மூடின அறைக்குள் படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டியது, சுவர் நெருங்கி வருகிறது என்றாள். வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த இருபது வருஷத்துப் பழைய வெள்ளைக் காரில் மட்டும்தான், முன் சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தபடி, அவள் ஒழுங்காக மூச்சு விட்டாள். சித்திரை பாதியில் அந்தக் காரின் ஏசி செத்துப்போனது என்றால் அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

முதல் நாள் டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கிற ஃபில்டரை உருவினார். அதில் எலி வைத்த கூடும், வேப்பிலையும், போன ஆயுத பூஜையில் போட்ட மல்லிகைச் சரமும் கறுத்துப்போய்க் கிடந்தன. தட்டினார், கழுவினார், மாட்டினார். காற்று ஜோராக வந்தது, ஆனால் அடுப்பங்கரைக் காற்று. இரண்டாம் நாள் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டென்சரில் ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சி ஒரு படி செம்மண் இறக்கினார். மூன்றாம் நாள் ஏசிக்குக் கரண்ட் விடுகிற ரிலேயைக் கழற்றிவிட்டு, அதே ஜாடையில் இருக்கிற ஹாரன் ரிலேயை அங்கே மாட்டிப் பார்த்தார். கம்ப்ரசர் 'டக்' என்று பிடித்துக்கொண்டு ஓடியது, ஹாரன் ஊமையாகிவிட்டது. ஆஹா, கண்டுபிடிச்சாச்சு என்று புது ரிலே வாங்கி வந்தார். குளிர்ச்சி வந்தது, அதுவும் பத்து நிமிஷத்துக்குத்தான். நான்காம் நாள் குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே போனார். ஒரு மூட்டில் கடுகளவு நுரை புறப்பட்டு, உப்பி, வெடித்தது. கேஸ் அங்கேதான் கசிந்திருக்கிறது. ரப்பர் வளையத்தை மாற்றினார்.

இனி புது கேஸ் ஏற்ற வேண்டும். அதற்கு மட்டும் ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்கார இதாயத் பாயைக் கூப்பிட்டார். பாய் மோட்டார் வைத்துக் குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கையோடு கொண்டுவந்த கேஸ் டப்பாவைச் சொருகினார். அந்த டப்பா, போன மார்கழி ஒன்பதாம் தேதி பெருமாள் கோயில் தண்ணீர் கூலரைச் சரிபண்ணப் போன இடத்தில் பாய் மறந்து வைத்துவிட்டு வந்தது. நாலு மாசம் மடப்பள்ளி மூலையில் கிடந்து, முந்தின நாள்தான் பட்டர் கூப்பிட்டுக் கொடுத்திருந்தார். அதனால்தான் என்று பிற்பாடு பாதித் தெரு சொன்னது. டப்பா மேல் பழி போடாதீங்க, கை ராசின்னு ஒண்ணு இருக்குது என்று தணிகாசலம் சொன்னார்.

சுவிட்சைப் போட்டார். முதலில் கண்ணாடிகள் வெளிப்பக்கமாகப் பனி பூத்தன. அப்புறம் காருக்குள் வெளிச்சம் குறைந்து, விடியற்காலை ஐந்தே முக்கால் மணிக்கு இருக்குமே, அந்தச் சாம்பல் வெளிச்சம் வந்து நின்றது. ஏசி துவாரத்திலிருந்து ஈரச் சாணமும் பூசணிப்பூவும் சூடான பொங்கலும் மணந்தன. ரேடியோ போடாமலே எங்கேயோ தூரத்தில் கோயில் மைக் செட் கரகரத்தது. முன் சீட்டில் உட்கார வைத்திருந்த மங்கை, நாலு மாசத்துக்குப் பிறகு, நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து விட்டாள். விட்ட மூச்சு வாயிலிருந்து புகையாகப் போனது.

"ஏங்க, என் சால்வையைக் கொண்டாங்க" என்றாள்.

இதாயத் பாய் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "கூலிங் நல்லாத்தான் கீது சார். கொஞ்சம் ஓவரா இருந்தா ஒண்ணுல வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார்.

மறுநாள் சாவியை எடுத்த பிறகும் குளிர் நிற்கவில்லை. பெட்ரோல் தீர்ந்த பிறகும் நிற்கவில்லை. மங்கையின் தலைமாட்டில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டில், வெளியே நாற்பத்திரண்டு டிகிரி கொளுத்தும்போது, உள்ளே வெள்ளைவெளேரென்று உறைந்தது. சாய்ந்த சீட்டில் அவளுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்க வசதிப்படாது. தினமும் காலையில் தணிகாசலம்தான் பின் சீட்டில் உட்கார்ந்து, ஒரு விரலை விட்டு எண்ணெயைத் தோண்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இளகும்வரை பொத்திக்கொண்டிருந்து, அவள் தலையில் தேய்த்து வாரிவிடுவார். முப்பது வருஷத்தில் அவர் கைபட்டு எதுவும் மிச்சமில்லாமல் ஒழுங்காக முடிந்தது அந்தப் பின்னல் ஒன்றுதான் என்று அவள் கிண்டல் பண்ணினாள். கால் வீக்கம் வடிந்தது. முகத்தில் ரத்தம் ஏறியது. போன மார்கழி ஒன்பதாம் தேதி எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள்.

தேதியை உறுதிப்படுத்தினவள் கோமளா. மார்கழி பஜனைக் கோஷ்டியை இருபது வருஷமாகக் கட்டி மேய்க்கிறவளுக்கு மாசம் விஷயத்தில் சந்தேகம் வைக்கக் கூடாது. வீட்டிலிருந்து தினசரிக் காலண்டரைக் கழற்றிக்கொண்டுபோய்க் காரில் உட்கார்ந்து பார்த்தாள். மார்கழி ஒன்பது என்று இருந்தது. கிழித்தாள். அடியிலும் மார்கழி ஒன்பது. கையிலிருந்தது இந்த வருஷத்துக் காலண்டர்தானா என்று அட்டையைப் பார்த்துக்கொண்டு, பதினேழு தாள் கிழித்து, பதினேழையும் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கி, நேரே வீட்டுக்குப் போய்க் கோலமாவுக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். அன்றையிலிருந்து தினமும் கார்க் கதவுக்குக் கீழே தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, நடுவில் சாண உருண்டை வைத்து, அதன்மேல் பூசணிப்பூ சொருகினாள். சித்திரையில் பூசணிப்பூவுக்கு எங்கே போனாள் என்று கேட்காதீர்கள், அவள் போனால் கிடைக்கும்.

அப்புறம் தெரு முழுக்கவே பழகிவிட்டது. வேர்க்குரு வந்த குழந்தைகளை ஐந்து நிமிஷம் மங்கை மடியில் போட்டு எடுத்தார்கள். தோசைமாவு புளிக்கக் கூடாது என்றால் காரில் வைத்தார்கள். எத்தனை நாளானாலும் அரைத்த வாசனையோடு அப்படியே இருந்தது. உதிரி மல்லி வாங்கினவர்கள் மொட்டை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மொட்டு வாடவில்லை, ஆனால் விரியவும் இல்லை. எதிர்வீட்டு பிலோமினா டீச்சர், மார்கழி ஒன்பது என்றால் டிசம்பர் இருபத்துநாலு என்று கணக்குப் போட்டு, தன் வீட்டு நட்சத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கிக் கார் ஆன்டெனாவில் கட்டினார். கேக்கோடு ஒரு சாயங்காலம் பின் சீட்டில் உட்கார்ந்தவர், ரொம்ப நேரம் கழித்து, வெட்டாத கேக்கோடு இறங்கினார். "நாளைக்குத்தான் நாளைக்குத்தான்னு உக்காந்துட்டே இருக்கேன் மங்கை, அது வரவே மாட்டேங்குது" என்றார்.

மார்கழி என்றால் ஆகாததும் உண்டல்லவா. வீடு பார்க்கப் போகிறவர்கள் அந்தக் காரைத் தொடாமல் சுற்றிப் போனார்கள். வேறொரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், நிழலுக்காகக் கார் மேல் சாய்ந்த ஒரு குற்றத்துக்காகச் சம்பந்தமே வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டது. யமுனாவின் கல்யாணப் பத்திரிகைக் கட்டைத் தணிகாசலம் தெரியாத்தனமாகப் பின் சீட்டில் வைக்கப் போக, கோமளா ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். "அண்ணே, உங்களுக்கு இன்னா மூளை கலங்கிப்போச்சா?"

மார்கழியில் செத்தால் நேரே வைகுண்டம் என்பதும் ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். வைகாசி பிறந்த அன்று, காட்பாடியிலிருந்து ஒரு குடும்பம் தொண்ணூறு வயசுத் தகப்பனாரைக் கயிற்றுக் கட்டிலோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியது. மூத்த மகன் தணிகாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மாசக் கணக்கா இழுத்துகினு கீறாரு. உங்க கார்ல அரைமணி நேரம் படுக்க வச்சா போதும். நல்லபடியா கதவு திறந்துடும்."

தணிகாசலத்துக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "என் பொண்டாட்டி உசுரோட இருக்கறதுக்கு நான் வச்சிருக்கற இடம்யா இது! இதுல கொண்டாந்து சாவப் போடுவியா? போயா, கொண்டு போயா!" என்று தெரு அதிரக் கத்தினார். உள்ளேயிருந்து மங்கை கதவைத் திறந்து, பாவம் பெரியவர், வெயில்ல கிடக்கறாரு, செத்த நேரம் உக்காரட்டும் என்றாள். உட்கார வைத்தார்கள். பெரியவர் பல்லில்லாத வாயால் புகை விட்டபடி சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, குளிருதுடா. நம்ம வூட்டுக்கே இட்டுகினு போயிடு. அங்க வேர்வையா இருந்தாலும் நாலு பேரு மூஞ்சி தெரியும்" என்றார். ஆட்டோ திரும்பிப் போகும்வரை மங்கை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் குளிக்க, வெளிக்கி என்று நாளைக்கு இரண்டு தடவை இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கின ஒவ்வொரு தடவையும், உள்ளே கழியாமல் நின்ற நாளெல்லாம் கார் வாசலிலேயே காத்திருந்தது மாதிரி மொத்தமாக அவள் மேல் ஏறிக்கொண்டன. பத்தடி நடப்பதற்குள் உதடு நீலம் பாரிக்கும். தூக்கிக்கொண்டு ஓடிவந்து காரில் போட்டுக் கதவைச் சாத்தினால் திரும்ப மார்கழி ஒன்பது, திரும்ப மங்கை. தணிகாசலம் முடிவு பண்ணிவிட்டார். அவள் இனி காரிலேயே இருக்கட்டும். கல்யாணத்தன்றைக்குக் காரைத் தள்ளிக்கொண்டுபோய் மண்டப வாசலில், மணமேடை தெரிகிற மாதிரி நிறுத்திவிட்டால் போயிற்று. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்வாள். அந்த வருஷமும், அடுத்த வருஷமும், பேரன் பேத்தி வந்தாலும், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்வாள். இதை நினைத்த இரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் யமுனா ஓசூரிலிருந்து வந்தாள். பெட்டியைத் தெருவில் போட்டுவிட்டு ஓடிவந்து, கார்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, அம்மா அம்மா என்று கூப்பிட்டாள். உள்ளே மங்கை நேராக அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியலையாப்பா?"

கண் நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கண்ணாடிகளுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது மார்கழி ஒன்பதாம் தேதித் தெரு. பனிமூட்டம், ஈரக் கோலங்கள், பால்காரர், தலையில் மஃப்ளர் கட்டின பட்டர். அன்றைக்கு வேலூரில் யார் யார் இருந்தார்களோ அவர்கள் மட்டும்தான். யமுனாவுக்கு அந்த மார்கழியில் லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். அதனால் அம்மாவின் கண்ணுக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் நின்று அழுகிற மகள் அந்தத் தெருவில் இல்லை. கண்ணாடிப் பனியில் ஐந்து விரலும் உள்ளங்கையும் மட்டும் எங்கிருந்தோ பதிந்தன. மங்கை அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தன் கையை எடுத்து அந்தக் கையின் மேல் வைத்தாள்.

"இது யமுனா கைதானே?" என்று சத்தமில்லாமல் அவள் வாய் அசைந்தது. யமுனா கதவைத் திறந்து உள்ளே விழுந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு, "அன்னிக்கு நான் வந்திருக்கணும்மா, வந்திருக்கணும்மா" என்று அழுதாள். வெளியே நின்ற தணிகாசலம் தன் கணக்கு முழுக்கத் தப்பு என்று அப்போதுதான் புரிந்துகொண்டார். மண்டப வாசலில் நிறுத்தினாலும் அவள் பார்க்கப்போவது பூட்டிக் கிடக்கிற ஒரு மார்கழி மண்டபத்தைத்தான்.

அவர் விடுகிற ஆளா. பொண்ணையும் மாப்பிள்ளையையும் பின் சீட்டில் உட்கார வைத்துக் காருக்குள்ளேயே தாலி கட்டச் சொன்னால் என்ன என்று பட்டரிடம் போய் நின்றார். "மார்கழியில தாலி ஏறாது தணிகாசலம்" என்றார் பட்டர். சாஸ்திரம் ஏறாது என்கிறதா, நிஜமாகவே ஏறாதா என்று பார்த்துவிட மஞ்சள் கயிறு ஒன்றை வாங்கிவந்து ஸ்டியரிங்கில் கட்டினார். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. கையை எடுத்ததும் கயிறு தானாக நெகிழ்ந்து மடியில் விழுந்தது. இறுக்கிக் கட்டினார். விழுந்தது. பல்லால் கடித்து இழுத்துக் கட்டினார். பக்கத்துச் சீட்டிலிருந்து மங்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சு மாசமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவளுக்கு அப்போது வந்தது.

"இதுல திருகாணி ஒண்ணும் மிச்சம் வரலையா?" என்றாள்.

அவருக்குச் சிரிக்க வரவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இதை அமத்திடுங்க."

"சும்மா இரு."

"யமுனா சின்ன வயசுலேர்ந்து சொல்லுவாளே, கல்யாணத்துக்கு அப்பா கார்லதான் போவேன்னு. இதுக்குள்ள மார்கழி இருக்கற வரைக்கும் அவளை இதுல ஏத்தக் கூடாது. என்னை இறக்குங்க, அவளை ஏத்துங்க."

"இறங்கினா என்னாகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். டாக்டரம்மா வராந்தாவுல வச்சு உங்ககிட்ட சொன்னது ஜன்னல்ல எனக்கும் கேட்டுச்சு."

தணிகாசலம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "எனக்கு நீ இப்படியே இருந்தா போதும் மங்கை. நீ பேசிட்டு இரு, நான் பார்த்துட்டு இருக்கேன். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"எனக்கு வேணுமே" என்றாள் அவள். "அந்த மல்லி மொட்டு பாருங்க, இருபது நாளா அப்படியே இருக்கு. வாடலதான். ஆனா அதைப் பூன்னு சொல்லுவாங்களா? என் பொண்ணு கல்யாணத்துல பட்டுப் புடவை கட்டிகினு, எல்லா அம்மாவையும் மாதிரி, கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்த ஒருதடவை நிக்கணும்ங்க. பெரியவர் சொன்னாரே, அதான்." அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கி வைத்துக்கொண்டாள். "சும்மா என்னை இறக்கிவிட்டா மட்டும் போதாது. இது இருந்தா நீங்க திரும்ப என்னை இதுல தூக்கிப் போட்டுருவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? நீங்க பண்ணினதை நீங்களே பிரிச்சிடுங்க."

வைகாசி இருபது, காலை ஐந்தரை மணிக்கு, மங்கையைத் தூக்கி வாசல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தணிகாசலம் பானெட்டைத் திறந்தார். பாதித் தெரு கூடி நின்றது. பெரிய வேலை ஒன்றும் இல்லை. குழாயின் சின்ன மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே சைக்கிள் டியூப் வால்வு மாதிரி ஒரு ஊசி இருக்கும், அதை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் போதும். அந்தச் சின்ன மூடியைத் திறக்க அவருக்குக் கால்மணி நேரம் ஆனது. நான் அழுத்தட்டுமா சார் என்று இதாயத் பாய் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

உஸ்ஸென்று மார்கழி வெளியே வந்தது. முதலில் அவர் கைரோமத்திலெல்லாம் பனி ஒட்டியது. பிறகு மூன்றாம் தெரு முழுக்க மூட்டம் இறங்கியது. எல்லா வீட்டிலும் தேங்காய் எண்ணெய் உறைந்தது, குழாய்த் தண்ணீர் சில்லிட்டுக் கையைக் கடித்தது, படுத்திருந்தவர்கள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த பட்டு வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். கோமளா மட்டும் ஈர வாசலில் நின்றபடி கும்பிட்டு அனுப்பினாள். அப்புறம் பாலாற்றுப் பக்கம் வெயில் எழும்பி வந்தது, காருக்குள் இருந்த நானூறு மொட்டும் ஒரே நேரத்தில் விரிந்தது, அந்த வாசனையோடு வைகாசி திரும்பவும் வந்து எல்லார் முதுகிலும் உட்கார்ந்தது.

விரிந்த பூவையே காருக்குச் சுற்றினார்கள். கேனில் வாங்கிவந்த பெட்ரோலை ஊற்றி, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, யமுனாவைப் பின் சீட்டிலும் மங்கையை முன் சீட்டிலும் உட்கார வைத்து, அனல் காற்று முகத்தில் அடிக்க அடிக்க தணிகாசலம் மண்டபத்துக்கு ஓட்டினார். போகிற வழியெல்லாம் மங்கை திரும்பித் திரும்பி மகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மணமேடையில் தாரை வார்க்கிற நேரத்தில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள எழுந்து நின்றாள். செம்பைச் சாய்த்து, அவர் கையின் மேல் தண்ணீர் ஊற்றினாள், அவர் கையிலிருந்து மகள் கைக்கு, மகள் கையிலிருந்து மாப்பிள்ளை கைக்கு அது இறங்கியது. மூன்று முடிச்சும் விழுந்தன, ஒன்றும் அவிழவில்லை. மங்கைக்கு நெற்றிக் குங்குமம் மூக்குவரை கரைந்து ஓடியது, கழுத்தில் வேர்வை சரம் சரமாக இறங்கியது. தணிகாசலம் துண்டை எடுத்துத் துடைக்கப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும்ங்க" என்றாள்.

வைகாசி முடிய நாலு நாள் இருக்கும்போது, விடிகிற நேரத்தில், திறந்த ஜன்னல் பக்கத்தில் படுத்திருந்தவள் போய்ச் சேர்ந்தாள். பத்து மணிக்கெல்லாம் வெயில் தாங்க முடியவில்லை. குளிப்பாட்டுவதற்கு முன்னால் சொந்தபந்தமெல்லாம் தலைக்கு எண்ணெய் சீயக்காய் வைக்க வேண்டும்; எண்ணெய் எங்கே என்று பெண்கள் தேடினார்கள். அம்மாவோட பாட்டில் கார்ல இருக்கும் என்று யமுனா போய் எடுத்து வந்தாள். கோமளா வாங்கிக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. குலுக்கினாள். அந்த வெயிலில், தரையில் கால் வைத்தால் கொப்புளிக்கிற அந்த வெயிலில், பாட்டிலுக்குள் எண்ணெய் வெள்ளைவெளேரென்று உறைந்து கிடந்தது. நடுவில் ஒரு விரல் தோண்டின பள்ளம் அப்படியே இருந்தது. வெயில்ல வைங்க என்று ஒருத்தி சொன்னாள். அடுப்புப் பக்கத்துல வைங்க என்றாள் இன்னொருத்தி. இரண்டும் பலிக்கவில்லை.

தணிகாசலம் எழுந்து வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டார். அந்தப் பள்ளத்திலேயே விரலை விட்டுக் கொஞ்சம் தோண்டி எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டு, மங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். விரலிடுக்கில் புகை மாதிரி ஏதோ கொஞ்சம் வந்து போனது. கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை, கை இரண்டும் வேலையாக இருந்தன.

எண்ணெய் இளகினது. வெட்டியான் வாசலிலிருந்து, "செத்தவங்களுக்குப் புறங்கையால வைக்கணும் சாமி, புறங்கையால" என்று நினைவுபடுத்தினார்.

அவர் உள்ளங்கையால்தான் வைத்தார். உச்சியிலிருந்து ஆரம்பித்து, வகிடு கலையாமல் தேய்த்துக்கொண்டுபோய், முடியை மூன்றாகப் பிரித்து நுனிவரை பின்னி முடித்தார். முடிக்கிறவரை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.